தீர்ந்துபோன டப்பாவைக் கேளுங்கள்!

எந்தக் கம்பெனி ஷாம்பூவாக இருந்தாலும் சரி, காலியான ஐந்து சாஷே உறைகளைக் கொண்டுவந்து கொடுங்கள். புதிதாக ஒரு சிக் ஷாம்பூ இலவசம். 1980-களில் தமிழ்நாட்டில் அமோகமாக ஓடிய திட்டம் இது. 1983-ல் 15,000 ரூபாயை வைத்துத் தொழில் தொடங்கிய கடலூர்க்காரர் சி.கே.ரங்கநாதனின் யோசனை. கிராமங்களில் ரஜினி படம் போட்டு, அங்கேயே ஒரு பையனைக் கூப்பிட்டுத் தலைக்கு ஷாம்பூ போட்டுக் காட்டி, கூட்டத்தைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்னதும் அவருடைய கம்பெனிதான். கொஞ்ச காலம் கழித்து திட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது: இனி ஐந்தும் சிக் உறைகளாகவே இருக்க வேண்டும். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சமாக உயர்ந்தது என்று பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார் ரங்கநாதன்.

இதை வியாபார சாமர்த்தியத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். சாமர்த்தியம்தான், சந்தேகமில்லை. ஆனால், அந்தத் திட்டத்தில் இன்னொரு புத்திசாலித்தனமும் இருக்கிறது. கடையில் என்ன விற்றது என்பதைக் கணக்குப் புத்தகம் சொல்லிவிடும். வாங்கியதை வீட்டில் தலையில் தேய்த்தார்களா, பரணில் போட்டார்களா என்பதை அது சொல்லாது. காலி உறை சொல்லிவிடும்!

அந்தக் காலி உறைக்கு இப்போது யூடியூபில் மவுசு. ‘எம்ப்டீஸ்’ என்று பெயர். மாதக் கடைசியில் ஒரு பெண் கேமரா முன்னால் உட்கார்ந்து, தீர்ந்துபோன ஃபேஸ்வாஷ், சன்ஸ்கிரீன், பாடி லோஷன், கண்டிஷனர், ஹேர் ஆயில் எல்லாவற்றையும் ஒரு பையிலிருந்து கொட்டுகிறார். ஒவ்வொன்றாக எடுத்து, “இது திரும்ப வாங்குவேன், இதை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்” என்று தீர்ப்பு சொல்கிறார். பெட்டியைப் பிரித்து, மணிக்கட்டில் ஒரு பொட்டு தடவி, “வாவ், டெக்ஸ்சரே வேற லெவல்” என்று சிலாகிக்கும் வீடியோக்களுக்கு இது நேர் எதிர்த்திசை. பெரும்பாலும் கலைந்த முடியும் மேக்கப் இல்லாத முகமுமாக எடுக்கப்படுவதாலோ என்னவோ, பார்ப்பவர்களுக்கு இதில் ஒரு நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு பேசினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் தர கவுன்சில் 2021-ல் இன்ஃப்ளூயன்சர்களுக்கு விதி வகுத்தது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறையும் தன் பங்குக்கு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தவறான விளம்பரம் என்றால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனாலும், காலையில் கூரியரில் வந்த சீரத்துக்கு மாலையில் பாராட்டுப் பத்திரம் வாசிக்கும் பழக்கம் நின்றபாடில்லை. குறைந்தபட்சம் ஒரு டப்பாவைத் தீர்த்துவிட்டுப் பேசுங்கள் என்று கேட்பது அதிகமில்லையே! (வாஷ்பேசினில் கொட்டிவிட்டுத் ‘தீர்ந்தது’ என்று காட்டலாம்தான். 600 ரூபாய் சீரத்தைக் கொட்ட மனசு வர வேண்டுமே.)

சரி, தீர்ந்த டப்பா சொல்வதையெல்லாம் அப்படியே நம்பலாமா? சில கேள்விகளுக்கு அது கறாராகப் பதில் சொல்லும். சிலவற்றுக்கு அதனிடம் பதில் கிடையாது. ஒரே ஒரு வகையில், அது நம்மை ஏமாற்றவும் செய்யும்.

எத்தனை நாளில் தீர்ந்தது?

எம்ப்டீஸ் வீடியோக்களில் நான் தேடுவது ஸ்டார் ரேட்டிங்கை அல்ல, தேதியை. குறிப்பாக சன்ஸ்கிரீனில்.

சன்ஸ்கிரீன் டியூபில் எஸ்.பி.எஃப். 50 என்று போட்டிருக்கிறது அல்லவா? ஆய்வகத்தில் அந்த எண்ணைக் கணக்கிடும்போது சருமத்தின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் பூசித்தான் சோதிக்கிறார்கள். முகம், காது, கழுத்து எல்லாவற்றுக்கும் அதே கனத்தில் பூச வேண்டுமென்றால் ஒரு தடவைக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் தேவைப்படும். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிக்கொள்ளுங்கள் என்று தோல் மருத்துவர்கள் சொல்வது இந்தக் கணக்கில்தான். அப்படியானால் 50 கிராம் டியூப், தினம் ஒருமுறை பூசினாலே ஒன்றரை மாதத்தில் தீர்ந்துவிட வேண்டும். வெயிலில் அலைகிறவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும் என்பதையும் சேர்த்தால் இன்னும் சீக்கிரம்.

“ஆறு மாசம் வந்துச்சு, நல்ல வேல்யூ ஃபார் மனி” என்று ஒருவர் சொன்னால் அவர் பூசியது எஸ்.பி.எஃப். 50 அல்ல. டியூபில் 50 இருந்தது, முகத்தில் அதில் சொற்பம்தான் இருந்தது. அவருக்கு முகம் கறுத்ததென்றால் பழியை டியூப் மேல் போட முடியாது. இந்த ஒரு விஷயத்துக்காகவே சன்ஸ்கிரீனைத் திறந்த அன்று டியூபின் மேல் மார்க்கர் பேனாவில் தேதி எழுதிவைக்கலாம். நான் எழுதுகிறேன். வீட்டில் கேலி செய்கிறார்கள்.

பிசுபிசுப்பு, வெள்ளைப் படலம், வியர்த்தால் கண்ணில் இறங்கி எரிவது, இவையெல்லாம் டியூப் காலியாகும்வரை பூசினவருக்குத்தான் தெரியும். கொரியாவிலிருந்தோ டெல்லி டிசம்பரிலிருந்தோ வரும் விமர்சனத்தை வைத்துக்கொண்டு சென்னை மே மாதத்துக்கு க்ரீம் வாங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாதியில் நின்றுபோன டியூபுக்கு முக்கால்வாசி நேரம் காரணம் தரம் அல்ல, தட்பவெப்பம்தான்.

முடி கொட்டுவது நின்றது யாரால்?

இப்போது காலி டப்பாவால் பதில் சொல்ல முடியாத கேள்விக்கு வருவோம். ஹேர் ஆயில்.

டெங்குவோ டைஃபாய்டோ வந்து போகிறது. பிரசவம் ஆகிறது. இரண்டு, மூன்று மாதம் கழித்து, சீப்பு வைத்த இடமெல்லாம் முடி. டெலோஜன் எஃப்ளூவியம் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். உடலுக்குக் கிடைத்த அதிர்ச்சியில், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் கணிசமான பகுதி ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குப் போய், அப்புறம் ஒன்றாக உதிர்கிறது. சாதாரண நாளிலேயே 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. இந்தச் சமயத்தில் அது பல மடங்கு. பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்தில் தானாகவே அடங்கிவிடும்.

நாம் எப்போது எண்ணெய் வாங்குகிறோம்? கொட்டுவது உச்சத்தில் இருக்கும்போது. 200 மில்லி பாட்டில் எப்போது தீர்கிறது? இரண்டு, மூன்று மாதத்தில். அதாவது, எதைத் தடவியிருந்தாலும், ஒன்றுமே தடவாமல் இருந்திருந்தாலும், கொட்டுவது நின்றிருக்கக்கூடிய அதே நேரத்தில். காலி பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு, “பொய் சொல்லலைங்க, நின்னுடுச்சு” என்று சொல்பவர் உண்மையைத்தான் சொல்கிறார். பாட்டிலுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்பது வேறு விஷயம். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். இரண்டு மாதத்தில் இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்ததைக் காட்டி எந்த எண்ணெயும் பெருமை பேச முடியாது. முடி வளர்ச்சிக்கு மருந்தாகவே அங்கீகரிக்கப்பட்ட மினாக்ஸிடிலுக்குக்கூட பலன் கண்ணில் தெரிய நாலைந்து மாதம் ஆகும்.

அதற்காக எண்ணெய் வீண் என்று அர்த்தமில்லை. தேங்காய் எண்ணெயைப் பற்றி உருப்படியான ஆய்வே இருக்கிறது. ரேலே, மோஹிலே என்ற இருவர் 2003-ல் வெளியிட்டது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், தேங்காய் எண்ணெய் மட்டுமே முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தது. அதில் இருக்கும் லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள் ஊடுருவக்கூடியது என்பதே காரணம். ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தில் இருந்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தலைக்குக் குளிப்பதற்கு முன்பு எண்ணெய் வைக்கும் நம் வீட்டுப் பழக்கத்தோடு இது ஒத்துப்போகிறது. முடி உடையாமல் இருக்க உதவும். புதிதாக முளைக்க வைக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

தேங்காய் எண்ணெய் என்றதும் ஒரு வழக்கு ஞாபகம் வருகிறது. சின்ன பாட்டிலில் விற்கும் தேங்காய் எண்ணெய் சமையலுக்கா, தலைக்கா? பதில் முக்கியம், வரி அதைப் பொறுத்தது. சேலம் மத்திய கலால் ஆணையர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2018-ல் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லி, கடைசியில் 2024 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு முடித்துவைத்தது. கேச எண்ணெய் என்று லேபிளில் சொல்லாதவரை, பாட்டில் சின்னதாக இருக்கிறது என்பதற்காக அது சமையல் எண்ணெய் இல்லை என்றாகிவிடாது என்பது தீர்ப்பின் சாரம். அடுத்த ஆண்டே, 2025 செப்டம்பர் 22 முதல், கேச எண்ணெய், ஷாம்பூ, சோப்பு ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. சமையல் எண்ணெய்க்கும் அதே 5. இத்தனை வருடம் வாதாடிய வக்கீல்கள் சிரித்திருப்பார்களா என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் ஒரே நீல பாட்டில் தோசைக்கல்லுக்கும் போகும், தலைக்கும் போகும்.

சீரமும் நிறமும்

கண்ணாடிச் சொட்டுக் குழாயோடு வரும் வைட்டமின் சி சீரம். அதன் பெயர் லேபிளில் அஸ்கார்பிக் ஆசிட் என்று இருந்தால், காற்றும் வெளிச்சமும் அதற்கு ஆகாது. வாங்கும்போது தண்ணீர் போலவோ இளம் வைக்கோல் நிறத்திலோ இருந்தது, அடர் மஞ்சளாகி, டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்டால் உள்ளே இருக்கும் வைட்டமின் பெரிதும் வீணாகிவிட்டது என்று அர்த்தம். திறந்து மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. ஆகவே, “எட்டு மாசமா சொட்டு சொட்டா யூஸ் பண்ணித் தீர்த்தேன், பலனே இல்லை” என்ற விமர்சனத்தை நான் ஏற்பதில்லை. அவர் கடைசி ஐந்து மாதம் தடவியது வேறு ஏதோ.

டப்பாவின் பின்பக்கம் மூடி திறந்த ஜாடி மாதிரி ஒரு சின்னப் படமும், பக்கத்தில் 6எம், 12எம் என்றும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். திறந்த பிறகு எத்தனை மாதம் நன்றாக இருக்கும் என்பதற்கான குறி. ஐரோப்பாவில் 2005-லிருந்து நடைமுறைக்கு வந்தது. இங்கே விற்கும் பல பொருள்களிலும் இப்போது பார்க்கலாம். இந்திய விதிப்படி கட்டாயமாக இருக்க வேண்டியது, எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற தேதி. இரண்டும் வேறு வேறு. 2027 வரை தேதி இருந்தாலும், திறந்து ஒன்றரை வருடமாகக் குளியலறை ஈரத்திலும் வெக்கையிலும் கிடக்கிற க்ரீமை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே தெரிந்துவிடும்.

கரும்புள்ளி, முகப்பரு தழும்பு போன்றவற்றுக்கு எதை வாங்கினாலும் ஒரு மாதத்துக்குள் தீர்ப்பு சொல்லக் கூடாது. மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே இளம் வயதில் நாலு வாரம்போல் ஆகும், வயது ஏற ஏற இன்னும் தாமதம். ஒரு டப்பா முழுதாகத் தீரும்வரை காத்திருப்பதில் இப்படி ஒரு நியாயம் இருக்கிறது. 15 மில்லி ‘ட்ரையல் பேக்’கைத் தீர்த்துவிட்டுக் கருத்து சொல்கிறவர்கள் வாசனையைப் பற்றி மட்டும் பேசினால் போதும்.

தண்ணீர் ஊற்றிய ஷாம்பூ

தமிழ் வீட்டில் ஒரு ஷாம்பூ பாட்டில் மூன்று தடவை தீரும். முதல் தடவை, தானாக. இரண்டாவது தடவை, தலைகீழாக நிறுத்திவைத்த பிறகு. மூன்றாவது தடவை, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கிய பிறகு. இதில் கருமித்தனம் எதுவுமில்லை. கெட்டியான லோஷனில் நாலில் ஒரு பங்குவரைகூட பம்ப் பாட்டிலின் அடியிலும் சுவரிலும் தங்கிவிடுகிறது என்று அமெரிக்காவின் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ இதழ் அளந்து எழுதியிருக்கிறது. 400 ரூபாய் லோஷன் என்றால் அடியில் நிற்பது 100 ரூபாய். டியூபைக் கத்திரியால் வெட்டி வழிக்கும் அம்மாக்கள் இந்தக் கணக்கை எந்த இதழும் படிக்காமல் போட்டவர்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். தண்ணீர் விட்டால் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். கிருமி வளராமலிருக்க உள்ளே போட்டிருக்கும் பதப்படுத்தி, கம்பெனி நிர்ணயித்த அளவுக்குத்தான் வேலை செய்யும்; நீர்த்துப்போன ஷாம்பூவை வாரக்கணக்கில் வைத்திருந்தால் அதில் பாக்டீரியா குடியேறும். வெட்டிய டியூபும் அப்படித்தான், இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம்.

விலை விஷயத்தில் இன்னொன்று. பெரிய பாட்டில்தான் லாபம் என்று நினைக்கிறோம். நம் ஊர் ஷாம்பூவில் பல பிராண்டுகளுக்கு இது தலைகீழ், மில்லி கணக்கில் சாஷேதான் மலிவு. பின்பக்கத்தில் அளவும் விலையும் இருக்கிறது, வகுத்துப் பாருங்கள். பர்ஸுக்கு நல்லது, குப்பைக்கு ஆகாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சோப்பு மட்டும் எந்த எம்ப்டீஸ் வீடியோவிலும் வருவதில்லை. வராது. வில்லையாக மெலிந்ததைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவிடுகிற வீடுகளில் சோப்பு தீர்ந்ததே கிடையாது.

சீக்கிரம் தீர்ந்து, உடனே வாங்கத் தோன்றினால்…

எம்ப்டீஸ் விமர்சனத்தின் உச்சபட்சப் பாராட்டு, “ரீபர்ச்சேஸ் பண்ணுவேன்”. தீர்ந்தது, மறுபடி வாங்கினேன் என்றால் அது நல்ல பொருள். பொதுவாகச் சரிதான். ஆனால், இந்தத் தர்க்கம் குப்புற விழும் இடம் ஒன்று உண்டு. நைட் க்ரீம் என்ற பெயரில் சில கடைகளிலும் பார்லர்களிலும் ஆன்லைனிலும் புழங்கும் வெளுப்பு க்ரீம்கள்.

நாலே நாளில் முகம் பளிச்சென்று ஆகும். பரு அடங்கும். மங்கு மங்கும். டப்பா சீக்கிரம் தீரும். விட்ட இரண்டாவது நாளே முகம் சிவந்து எரியும், பரு முன்னைவிட மோசமாக வரும். பதறிப்போய் மறுபடி வாங்கிப் பூசினால், மாயம் போல அடங்கிவிடும். “இந்த க்ரீம் இல்லாமல் என்னால் இருக்கவே முடியாது” என்று இதைப் பயன்படுத்துகிறவர் மனதாரச் சொல்வார். அவர் வீட்டில் காலி டப்பாக்களும் வரிசையாக இருக்கும். பல சமயம் உள்ளே இருப்பது பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன் மாதிரியான ஸ்டீராய்டு. தோல் மருத்துவர் ஒரு குறிப்பிட்ட நோய்க்கு, குறிப்பிட்ட நாளுக்கு எழுதித்தருகிற மருந்து அது. அழகு க்ரீமாக மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும், முகத்தில் முடி வளரும். ஸ்டீராய்டால் சிதைந்த முகம் என்று இதற்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் தனியாகப் பெயரே வைக்கும் அளவுக்கு நிலைமை போயிற்று. 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சுகளை ஷெட்யூல் எச்-ல் சேர்த்து, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றது.

இன்னொரு ரகத்தில் இருப்பது பாதரசம். கண்ணைச் சுற்றிப் பூசும் பொருள்களில் மிகச் சொற்ப அளவு தவிர, இந்திய அழகுசாதனங்களில் பாதரசம் சேர்க்கத் தடை இருக்கிறது. இருந்தும், கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். சிறுநீரில் புரதம் ஒழுகி, கால் முகமெல்லாம் வீங்கி வந்த நோயாளிகள். 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை வந்த 22 பேரில் 15 பேருக்கு, அபூர்வமான ஒரே வகை பாதிப்பு. அந்த 15 பேரில் 13 பேர், அறிகுறி தொடங்கும் முன்பு வெளுப்பு க்ரீம் பூசியதை ஒப்புக்கொண்டார்கள். நோயாளிகளிடம் மருத்துவர்கள் கேட்டது உங்கள் க்ரீம் எது என்ற கேள்வியைத்தான்; விமர்சகர்கள் கேட்க வேண்டியதும் அதேதான்.

2020-ம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி, டப்பாவில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், பயன்படுத்த வேண்டிய தேதி, சேர்மானப் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதிப் பதிவு எண். இவை இல்லாத க்ரீம் எவ்வளவு சீக்கிரம் தீர்ந்தாலும், எத்தனை தடவை வாங்கியிருந்தாலும், அதை விமர்சனத்துக்கே எடுக்கக் கூடாது. ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிவிட்டவர்கள் திடீரென்று தாமாக நிறுத்திவிட்டு அவதிப்படாமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போவது நல்லது.

அப்புறம் எங்கே போகும்?

கெட்டியான ஷாம்பூ, லோஷன் பாட்டில்களைப் பழைய சாமான் கடையில் எடுத்துக்கொள்வார்கள். பம்ப் மூடிக்குள் ஒரு சின்ன எஃகுச் சுருள் இருக்கும், பிளாஸ்டிக்கோடு சேர்த்து உருக்க முடியாது, கழற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். சாஷேயும் டியூபும் அங்கே செல்லாது. பாலியெஸ்டர், அலுமினியம், பாலிஎத்திலீன் என்று அடுக்கடுக்காக ஒட்டிய உறை, பிரித்தெடுப்பது கஷ்டம், விலையும் இல்லை. தயாரித்தவர்களே திரும்பப் பெறும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று 2022-ல் வந்த விதிகள் இத்தகைய பல அடுக்கு உறைகளுக்கும் பொருந்தும். ஆனால், தெருமுனைக் கடையில் ஐந்து உறையைத் திரும்ப வாங்கிக்கொள்ள இன்றைக்கு ஆள் இல்லை. 1980-களில் இருந்தார்கள், நோக்கம் வேறாக இருந்தாலும்.

கடைசியாக ஒன்று. விலை உயர்ந்த சீரம், பெர்ஃப்யூம், க்ரீம் ஜாடிகளை அப்படியே குப்பையில் போடாதீர்கள். பளபளப்பான காலி பாட்டிலை எடுத்து, எதையோ நிரப்பி, அசல் என்று விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். லேபிளைக் கிழித்து, பேட்ச் எண்ணைச் சுரண்டி, அட்டைப்பெட்டியை இரண்டாகக் கிழித்த பிறகு போடுங்கள். சொட்டுக் குழாயையும் பம்ப்பையும் தனியாகக் கழற்றி, பாட்டில் ஒரு வாரக் குப்பையிலும் மூடி அடுத்த வாரக் குப்பையிலும் போகட்டும்.